அணியத்தில் உட்காரும் உள்ளூர்க்காரர்

கடலில் படகு ஓட்டிப் பழகியவருக்கு ஊருக்குள் ஓட்டுவது வேறு வேலை. 2015 டிசம்பர் முதல் வாரத்தில், வெள்ளத்தில் சிக்கியவர்களை மீட்க, சென்னையின் கடற்கரைக் குப்பங்களிலிருந்து ஃபைபர் படகுகள் லாரியேறி அடையாற்றங்கரைப் பகுதிகளுக்கு வந்தன. ஓட்டி வந்த மீனவர்களுக்கு அலை தெரியும், நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், தெரியும். எந்தச் சந்து எங்கே போய் முட்டும் என்பது தெரியாது. தெருப் பெயர்ப் பலகை தண்ணீருக்குள் இருக்கிறது. மதில் எங்கே முடிகிறது, கேட் எங்கே, மூடி பெயர்ந்த சாக்கடைக் குழி எங்கே என்று மேலே நின்று பார்த்தால் ஒன்றும் புலப்படாது. எல்லாம் ஒரே காப்பி நிறம். அந்த நேரத்தில் படகின் அணியத்தில், அதாவது முன் மூக்கில், ஏறி உட்கார்ந்து "அண்ணா, ரைட்ல ஒதுங்குங்க, அங்க ஒரு மினி லாரி நிக்குது" என்று சொல்லத் தெரிந்த தெருப் பையன் ஒருவன் இல்லையென்றால், படகு வந்தும் பாதி வராத மாதிரிதான்.

வெள்ள மீட்பு என்றதும் படகும் துணிச்சலும் நினைவுக்கு வருகின்றன. இரண்டும் வேண்டும்தான். ஆனால் 2015 சென்னை, 2018 கேரளம், 2023 தென்மாவட்டங்கள் ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், படகையும் வீட்டையும் இணைத்துவைக்கும் இந்த ஆளுக்குத்தான் பெரிய தட்டுப்பாடு இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. அவருக்குச் சீருடை கிடையாது, பெரும்பாலும் பதிவேட்டிலும் பெயர் இருக்காது.

முறைப்படியான படைகளைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. தேசியப் பேரிடர் மீட்புப் படை 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி 2006-இல் உருவானது. மத்திய ஆயுதக் காவல் படைகளிலிருந்து ஆட்களை எடுத்துப் பயிற்சி கொடுத்து அமைத்த படை அது. நமக்கு அருகே இருப்பது அரக்கோணத்தில் உள்ள அதன் 4-ஆவது பட்டாலியன். காற்றடைத்த ரப்பர் படகு, வெளியே பொருத்தும் மோட்டார், உயிர்காப்பு உடை, கயிறு, மருத்துவ உதவியாளர் என எல்லாவற்றோடும் வருவார்கள். அரக்கோணத்திலிருந்து சென்னை சுமார் 70 கிலோமீட்டர். திருச்செந்தூர் அப்படியில்லை, மாநிலத்தின் மறுமுனை. புயல் எச்சரிக்கை வந்தால் குழுக்களை முன்கூட்டியே அனுப்பி வைக்கிறார்கள், அது நல்ல பழக்கம். ஆனால் அனுப்பி வைத்த இடத்துக்கும் மழை கொட்டிய இடத்துக்கும் நடுவே சாலை அறுந்துபோனால் அவர்களும் காத்திருக்கத்தான் வேண்டும்.

2023 டிசம்பர் 17-இலும் 18-இலும் நடந்தது அதுதான். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 செ.மீ. மழை. தூத்துக்குடி மாவட்டம் வழக்கமாக ஓர் ஆண்டு முழுக்கப் பார்க்கும் மழையை விட அது அதிகம். தாமிரபரணி கரை புரண்டது, குளங்கள் உடைந்தன, சாலைகள் துண்டு துண்டாயின. திருச்செந்தூரிலிருந்து சென்னை கிளம்பிய செந்தூர் விரைவு ரயிலை ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தினார்கள். நிறுத்தியது நல்லதாயிற்று. அந்தப் பக்கம் தண்டவாளத்துக்குக் கீழே இருந்த ஜல்லியும் மண்ணும் அடித்துக்கொண்டு போய், தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. ஏறக்குறைய 800 பயணிகள். ஒரு பகுதியினரைப் பக்கத்துப் பள்ளிக்கு மாற்ற முடிந்தது, மீதிப் பேர் நிலையத்திலேயே மாட்டிக்கொண்டார்கள். ஹெலிகாப்டரில் உணவுப் பொட்டலம் வந்தது, பேரிடர் மீட்புப் படையும் வந்துசேர்ந்தது. அதற்கு முன்பே பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு அரிசியைப் போட்டுச் சமைத்து மாட்டிக்கொண்டவர்களுக்குச் சோறு கொடுத்திருந்தார்கள். அவர்கள் வீடுகளைச் சுற்றியும் தண்ணீர்தான். பேரிடர் மேலாண்மைக் கையேட்டில் 'முதல்நிலைப் பொறுப்பாளர்', அதாவது ஆபத்து நேரத்தில் முதலில் உதவிக்கு வருபவர், என்று ஒரு சொல் வரும். நடைமுறையில் அந்தச் சொல்லுக்கு உரியவர்கள் இவர்கள்தான்.

சரி, குழு என்று ஒன்று கூடியதும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இங்கே தண்ணீர் ஓடுகிறதா, நிற்கிறதா என்பது. வெளியூரிலிருந்து உதவ வருபவர்களுக்கு இந்த வேறுபாடு சட்டென்று பிடிபடாது. தொலைக்காட்சியில் பார்த்தால் எல்லா வெள்ளமும் ஒன்றுதான்.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி பெய்த மழையில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. பதிவாயிற்று. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அன்றிரவு திறந்துவிடப்பட்ட தண்ணீர் விநாடிக்கு 29,000 கன அடி வரை போனது. ஒரு கன அடி என்பது 28 லிட்டருக்குச் சற்று மேல். கணக்குப் போட்டால் விநாடிக்கு எட்டு லட்சம் லிட்டருக்கும் அதிகம். இதை மனிதர்களால் உண்டான பேரிடர் என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை பின்னாளில் குறிப்பிட்டது. அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் மீட்புக்குழுவின் பார்வையிலிருந்து பார்த்தால் வேறொரு விஷயம் தென்படும். ஏரியின் உபரி நீர் திருநீர்மலைப் பக்கம் வந்துதான் அடையாற்றில் சேர்கிறது. முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே, ஆற்றின் தலைப் பக்கம் இருப்பவை. அங்கே மக்களைக் கூரையேற வைத்தது செம்பரம்பாக்கம் தண்ணீர் அல்ல, ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரியும் அங்கேயே கொட்டிய மழையும்தான். கீழே மணப்பாக்கம், நந்தம்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வரைக்கும் ஆறு இரவோடு இரவாக ஏறியது. வேளச்சேரியோ ஆற்றங்கரை ஊரே கிடையாது. அது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்நிலம். தண்ணீர் வந்தால் போக வழியில்லாமல் நாள்கணக்கில் அப்படியே கிடக்கும்.

ஆற்றோரத்தில் தண்ணீர் இழுக்கும். வேகம் இரண்டு மடங்கானால் அது உடம்பைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். கணுக்கால் ஆழம்தானே என்று இறங்குகிறவரைக்கூட வேகமான ஓட்டம் காலை வாரிவிடும். ஓர் அடி ஆழத்தில் ஓடும் தண்ணீர் சின்னக் காரை மிதக்கவைக்கும், இரண்டு அடி இருந்தால் பெரும்பாலான வண்டிகளை நகர்த்திவிடும். இங்கே வேலை மணிக்கணக்கில் முடிந்தாக வேண்டும். மோட்டார் படகும் கயிறும் பயிற்சி பெற்றவர்களும் இங்கேதான் தேவை. வேளச்சேரி மாதிரி இடத்தில் யாரையும் தண்ணீர் அடித்துக்கொண்டு போகாது. அங்கே மூன்றாவது மாடியில் லிஃப்ட் இல்லாமல், மோட்டார் ஓடாமல், குடிதண்ணீரும் ரத்த அழுத்த மாத்திரையும் தீர்ந்துபோய் நான்காவது நாளாக உட்கார்ந்திருக்கும் முதியவர்தான் பிரச்சினை. அங்கே படகுக்கு வேலை ஆளை ஏற்றிவருவதை விடப் பொருளைக் கொண்டுபோவது. ஒரு கேன் தண்ணீர் இருபது கிலோ. அதைத் தோளில் வைத்து மூன்று மாடி ஏற நல்ல முதுகு வேண்டும், வீரம் அவ்வளவாக வேண்டாம்.

கேமராக்கள் மோட்டார் படகுகள் இருக்கும் பக்கம் போகும். கேமரா போகும் பக்கம் உதவியும் போகும். நிற்கும் தண்ணீரில் இருப்பவர்கள் கடைசியில்தான் கணக்கில் வருவார்கள்.

படகுகளுக்குள்ளும் சாதிபேதம் உண்டு. ரப்பர் படகு இலேசானது, நாலு பேர் தூக்கிக்கொண்டு நடக்கலாம், குறைந்த ஆழத்திலும் மிதக்கும். ஆனால் ஊருக்குள் அதற்கு எதிரி நம் வீட்டு கேட்தான். கம்பி கேட்டின் மேல் வரிசையாக வேல் முனை வைக்கும் வழக்கம் நமக்கு உண்டு. அந்த முனைகள் தண்ணீருக்கு அரை அடி கீழே இருந்தால் ரப்பர் தாங்காது. ஃபைபர் படகு கிழியாது, நிறையப் பேரை ஏற்றும், ஆனால் கனம். ஆழம் குறைந்தால் தரை தட்டும். லாங் டெயில் எஞ்சின் பொருத்தியதாக இருந்தால் நீண்ட தண்டைத் தூக்கிப் புரொப்பல்லரைத் தண்ணீரின் மேல்மட்டத்திலேயே சுழலவிடலாம், அது ஒரு வசதி. ஆனாலும் மிதக்கும் துணி, பிளாஸ்டிக் பை, கேபிள் டிவி ஒயர் என்று ஏதாவது ஒன்று சுற்றிக்கொண்டு எஞ்சின் நின்றுபோகும். அப்புறம் இறங்கித் தள்ள வேண்டியதுதான். நகர வெள்ளத்தில் படகு ஓடும் நேரத்தை விட இடுப்பளவுத் தண்ணீரில் ஆட்கள் அதை இழுத்துக்கொண்டு நடக்கும் நேரமே அதிகம்.

எஞ்சின் பக்கம் ஒருவர், நடுவில் ஆட்களை ஏற்றி உட்காரவைக்க ஒருவர், மூங்கில் கழியோடு ஆழம் பார்க்க ஒருவர், அணியத்தில் உள்ளூர்க்காரர். நான்கு பேர் போதும். ஐந்தாவதாக ஆர்வத்தில் ஏறுகிறவர் திரும்பி வரும்போது ஒரு பாட்டியின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறார். கழி பிடிப்பவர் வேலை பார்க்கச் சாதாரணமாகத் தெரியும். குழியை முதலில் கண்டுபிடிப்பது அந்தக் கழிதான், கால் அல்ல. நடந்து போகும்போதும் அப்படியே. கால் வைக்கும் முன் கழி வைக்க வேண்டும்.

வேகமும் ஆகாது. மோட்டாரை முறுக்கினால் எழும் அலை இரண்டு பக்கத்து வீடுகளுக்குள்ளும் போய் அடிக்கும். ஊறிப்போன மண்சுவர் அதற்கே விழும்.

கயிற்றைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நல்லெண்ணத்தோடு செய்யும் தவறு இங்கேதான் உயிரை வாங்குகிறது. இழுக்கும் தண்ணீரில் இறங்குபவரின் இடுப்பில் கயிற்றைக் கட்டி, கரையில் நாலு பேர் பிடித்துக்கொள்வதை நாம் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். அவர் கால் இடறினால் கயிறு இறுகி நிற்கும், தண்ணீர் அவரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். இறுகிய கயிறு ஆளை மேலே தூக்காது, கீழேதான் அமுக்கும். அவிழ்க்கவும் முடியாது. அதற்காகவே இழுத்தால் உடனே கழன்றுகொள்ளும் பட்டை வைத்த உயிர்காப்பு உடைகள் இருக்கின்றன. அது இல்லாதபோது கயிறு கையில் இருக்கட்டும், உடம்பில் வேண்டாம். முதலில் கழியை நீட்டிப் பார், எட்டவில்லையென்றால் கயிறு எறி, அதுவும் ஆகாவிட்டால் படகில் போ, நீந்திப் போவது கடைசி வழி. உலகம் முழுக்க மீட்புப் பயிற்சியில் சொல்லித்தரும் வரிசை இது. தண்ணீர் அடித்துக்கொண்டு போனால் நிமிர்ந்து நிற்கப் பார்க்கக் கூடாது. மல்லாந்து, கால்களை ஓட்டம் போகும் திசையில் நீட்டிக்கொண்டு மிதக்க வேண்டும். மோதினால் கால் மோதட்டும், தலை மோத வேண்டாம்.

மின்சாரம் இன்னொரு கதை. லைன் கட் பண்ணியாச்சு என்று மின்வாரியத்தில் சொன்ன பிறகும் ஒரு வீட்டு இன்வெர்ட்டரோ, பக்கத்து அடுக்ககத்தின் ஜெனரேட்டரோ ஓடிக்கொண்டிருக்கலாம். எந்த வீட்டில் எது இருக்கிறது என்பது மின்வாரியத்துக்குத் தெரியாது. தெருக்காரருக்குத் தெரியும்.

2018 ஆகஸ்டில் கேரளத்தில் நடந்த ஒரு காட்சி பலருக்கு நினைவிருக்கும். மலப்புறம் மாவட்டத்தில் ஒரு மீனவர் தண்ணீரில் மண்டியிட்டுக் குனிந்து தன் முதுகைப் படியாகக் கொடுத்தார். பெண்கள் அதில் கால் வைத்துப் படகேறினார்கள். நாடே நெகிழ்ந்தது, நெகிழ வேண்டியதுதான். குழு வேலை தெரிந்தவர் அந்தக் காட்சியில் இன்னொன்றையும் பார்ப்பார்: படகின் விளிம்பு உயரம், புடவை கட்டிய ஐம்பது வயதுப் பெண்ணால் தண்ணீரிலிருந்து தாவி ஏற முடியாது. ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போதும். அதன் காலில் கயிறு கட்டிப் படகிலேயே போட்டுவைத்தால் எத்தனையோ பேருக்கு உதவும். மீட்பு சாமான் பட்டியல் எழுதுகிறவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள்.

படகு வாசலுக்கு வந்த பிறகும் ஏற மாட்டேன் என்பவர்கள் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் பிடிவாதம் மாதிரி இருக்கும், கேட்டுப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கும். மாடு கட்டிக் கிடக்கிறது. நாயை முகாமில் விடமாட்டார்கள். வயசுப் பெண்ணை வைத்துக்கொண்டு மண்டபத்தில் எப்படித் தூங்குவது? பூட்டிய வீட்டில் திருட்டு போனால் யார் பொறுப்பு? போன தடவையும் இப்படித்தான் சொன்னார்கள், முட்டிக்கு மேல் வரவில்லையே. படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரை எப்படி இறக்குவது என்பது வெளியே சொல்லாத காரணம். சீருடை போட்டவர் மெகாஃபோனில் கூப்பிட்டால், அதுவும் உடைந்த தமிழில் கூப்பிட்டால், இவற்றில் எதற்கும் பதில் கிடைக்காது. "அக்கா, நான்தான், பால்காரர் பையன். பாட்டியைக் கட்டிலோட தூக்கிக்கலாம், நீங்க பத்திரத்தை மட்டும் எடுத்துக்கிட்டு வாங்க" என்று அணியத்திலிருந்து ஒரு குரல் வந்தால் கதவு திறக்கும்.

தகவல் விஷயத்துக்கு வருவோம். 2015-இல் சென்னையில் சமூக ஊடகம் வழியாக நடந்த ஒருங்கிணைப்பு நிஜமாகவே பெரிய விஷயம். முன்பின் தெரியாதவர்கள் பட்டியல் போட்டார்கள், தண்ணீர் நிற்கும் தெருக்களை ஓபன் ஸ்ட்ரீட் மேப் வரைபடத்தில் குறித்தார்கள். கேரளத்தில் 2018-இல் அதற்கென்றே ஓர் இணையதளம் இயங்கியது. வளைகுடாவில் இருக்கும் மகன் செங்கன்னூரில் இருக்கும் அம்மாவுக்காக அதில் பதிந்தார். ஆனால் பட்டியலில் பெயர் ஏறும் வேகத்துக்கு இறங்குவதில்லை. ஒரே வீடு மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று முறை வரும். மீட்கப்பட்டவரின் செய்தி இரண்டு நாள் கழித்தும் வாட்ஸ்அப்பில் சுற்றும். குழு எதிர்நீச்சல் போட்டுப் போய்ச் சேர்ந்தால் வீடு பூட்டியிருக்கும். அந்த ஒரு மணி நேரம் வேறு யாருக்கோ போக வேண்டியது.

கோரிக்கையில் கதவு எண் இருப்பதை விட எத்தனை பேர், எந்த மாடி, நடக்க முடியாதவர் உண்டா, கடைசியாக எத்தனை மணிக்குப் பேசினீர்கள் என்பவை இருந்தால் குழுவுக்குப் பயன். 'பிள்ளையார் கோயிலுக்கு எதிரே பச்சை கேட்' என்பது வெள்ளத்தில் நல்ல முகவரி. பார்த்து முடித்த வீட்டில் கண்ணில் படும்படி ஒரு துணியைக் கட்டிவிட்டு வந்தால் அடுத்த படகு அங்கே நிற்காது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077-க்கும் மாநில அறையின் 1070-க்கும் சொல்லிவிடுவதும் அதற்காகவே. மீட்டாயிற்று என்பதும் ஒரு தகவல்தான், அதையும் யாராவது சொல்ல வேண்டும்.

மூன்றாம் நாள் வாக்கில் குழுவே நோயாளியாகும். காலெல்லாம் ஊறி வெளுத்து, விரலிடுக்கில் புண் வரும். அந்தப் புண் வழியாக எலிக்காய்ச்சல் கிருமி உள்ளே போகும். 2018 வெள்ளம் வடிந்த பிறகு கேரளத்தில் எலிக்காய்ச்சல் பரவிப் பல உயிர்கள் போயின. தண்ணீரில் இறங்கி வேலை செய்பவர்கள் வாரத்துக்கு ஒரு முறை டாக்சிசைக்ளின் 200 மில்லிகிராம் எடுத்துக்கொள்ளச் சொல்லி அந்த மாநில சுகாதாரத் துறை பெரிய அளவில் விநியோகித்தது. எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளும் மருந்தல்ல, மருத்துவரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். தூங்காமல் இரண்டு இரவு எஞ்சின் பிடித்தவரை மூன்றாம் இரவும் அனுப்புவது அதைவிடப் பெரிய ஆபத்து. ஆனால் அவரை வீட்டுக்குப் போ என்று சொல்லும் அதிகாரம் தன்னார்வக் குழுவில் யாருக்கும் இருப்பதில்லை.

பயிற்சிக்கு வழி இல்லாமலில்லை. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016-இல் 'ஆப்த மித்ரா' திட்டத்தை வெள்ள அபாயமுள்ள 30 மாவட்டங்களில் தொடங்கியது, மாவட்டத்துக்கு 200 பேர். பிறகு 350 மாவட்டங்களுக்கு, ஒரு லட்சம் தன்னார்வலர்கள் என்று விரிந்தது. பன்னிரண்டு நாள் பயிற்சியும் ஒரு சாமான் பையும் கொடுத்தார்கள். நல்ல திட்டம். பயிற்சி முடித்த இளைஞர் அடுத்த வருடம் வேலை தேடி வேறு ஊர் போய்விட்டால் என்ன என்பதுதான் சிக்கல். அணியத்தில் உட்காருபவரின் தகுதி அவர் அந்தத் தெருவில் குடியிருப்பது. பதிவேட்டை வருடா வருடம், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், செப்டம்பரில் போன் போட்டுச் சரிபார்க்க வேண்டும். தெருவுக்கு இரண்டு பெயர் போதும். அதில் ஒன்று பகலில் வீட்டில் இருக்கும் பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது, எந்த வீட்டில் யார் படுக்கையில் இருக்கிறார்கள் என்று அவருக்குத்தான் தெரிந்திருக்கும்.

தண்ணீர் வடிந்ததும் குழுவின் முகம் மாறும். 2015-இல் பல மாவட்டங்களிலிருந்து தூய்மைப் பணியாளர்களைச் சென்னைக்கு அழைத்து வந்தார்கள். ஊறிய மெத்தையும் அழுகிய குப்பையும் செத்த பிராணிகளும் மலைமலையாகத் தெருவில் கிடந்தன. படகுக்காரருக்குக் கிடைத்த கைதட்டல் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அவர்களும் அதே வெள்ளத்தின் மீட்புக்குழுதான், வேலை இன்னும் மோசம்.

கைதட்டல் கிடைத்தவர்களின் கணக்கும் அவ்வளவு எளிதில் நேராவதில்லை. கேரளத்தில் 669 படகுகளில் 4,500-க்கும் மேற்பட்ட மீனவர்கள் இறங்கி ஏறக்குறைய 65,000 பேரைக் காப்பாற்றினார்கள். முதலமைச்சர் பினராயி விஜயன் படகு ஒன்றுக்கு நாளைக்கு 3,000 ரூபாயும் எரிபொருளும் தருவதாக அறிவித்தார். உயிரைக் காப்பாற்றியதற்குக் காசு வேண்டாம் என்று மறுத்தவர்களும் உண்டு. உழைப்புக்குக் கூலி வேண்டாம் என்பது அவர்கள் பெருந்தன்மை. படகின் அடிப்பாகம் வேறு விஷயம். கடலுக்காகச் செய்த படகு தார்ச்சாலையில் உரசி, காங்கிரீட் மதிலில் இடித்து, அடி முழுக்கக் கீறலோடு லாரியில் கரை திரும்புகிறது. அந்தக் கீறலை ஃபைபர் மேட்டும் ரெசினும் வாங்கிப் பூசி, காயவைத்து, தேய்த்து முடிக்கும்வரை கடலுக்கு இறக்க முடியாது. அத்தனை நாளும் படகுக்காரருக்கு வருமானம் இல்லை, அவரோடு போகும் கூலியாட்களுக்கும் இல்லை. எந்தப் படகு எந்த ஊரிலிருந்து வந்தது, என்ன சேதத்தோடு திரும்பிப் போனது என்று லாரியில் ஏற்றும்போதே ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவைக்க ஓர் ஆள் இருந்தால் போதும், பின்னால் இழப்பீடு கேட்பதற்கு அந்த ஒரு தாள் ஆகும்.